பின்தங்கும் குதிரை: குற்றம் மலையிலா, லாயத்திலா?

சித்திரைப் புத்தாண்டை ஒட்டி நுவரெலியா நிரம்பி வழியும் நாட்களில், கிரகரி வாவிக்கு அருகே 1875இல் தொடங்கப்பட்ட பந்தயத் திடலில், ஒவ்வோர் ஓட்டமும் முடிந்த பிறகு ஒரு பழைய கேள்வி எழுகிறது. போன மாதம் பயிற்சியில் பறந்த குதிரை இன்று கடைசித் திருப்பத்தில் ஏன் தளர்ந்தது? உரிமையாளர் ஜொக்கியைச் சொல்வார். ஜொக்கி தரை ஈரத்தைச் சொல்வார். பயிற்சியாளர் மலையின் உயரத்தையும் குளிரையும் சொல்வார். குதிரைக்காரருக்கு வேறு அபிப்பிராயம் இருக்கும். ஆனால் அவரிடம் யாரும் கேட்பதில்லை. மிருக வைத்தியர் வரும்போது காரணம் ஏறக்குறைய முடிவாகியிருக்கும். அவர் அதை உறுதிப்படுத்தினால் போதும் என்ற நிலை.

குதிரை வைத்தியத்தில் இதற்கெனத் தனி ஆய்வுத் துறையே வளர்ந்திருக்கிறது. வெளிப்படையாக நோயில்லை, காய்ச்சல் இல்லை, தீனி எடுக்கிறது, ஆனால் எதிர்பார்த்தபடி ஓடவில்லை: இதுதான் அத்துறையின் பொருள். கடந்த அறுபது ஆண்டுகளில் அதற்குப் பல விடைகள் வந்துள்ளன. அவற்றில் முழுப் பொய் அரிது. ஆனால் பெரும்பாலானவற்றில் ஒரே வழுக்கல் திரும்பத் திரும்ப வருகிறது. குதிரையின் உடலில் ஒரு குறை கண்டுபிடிக்கப்படுகிறது. அந்தக் குறையே அது பின்தங்கியதற்குக் காரணம் என்று உடனே கொள்ளப்படுகிறது. இந்த இரண்டுக்கும் இடையிலுள்ள தூரத்தை அளப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

எழுநூறு ஆண்டு வழக்கு

தமிழ் நிலத்தில் இந்தக் கேள்விக்கு ஏறக்குறைய எழுநூறு ஆண்டு எழுத்துப் பதிவு உண்டு. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டுக் கரைக்கு வந்த மார்க்கோ போலோ, அங்குள்ள அரசர்கள் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் குதிரைகளை வாங்குவதையும், ஆண்டு முடிவதற்குள் அவற்றில் மிகச் சிலவே எஞ்சுவதையும் எழுதினார். லாடம் அடித்துக் குதிரையைப் பேணத் தெரிந்தவர்கள் இல்லை, சோற்றோடு இறைச்சியைச் சமைத்துத் தீனியாகக் கொடுக்கிறார்கள், இந்த மண்ணின் காலநிலையும் ஒத்துவரவில்லை என்பது அவர் காட்டும் விளக்கம். நல்ல குதிரைக்கும் நல்ல பெண்குதிரைக்கும் பிறந்த குட்டிகூடக் கால் கோணிய, ஏறிப்போக உதவாத ஒன்றாகவே வளர்கிறது என்றும் சொல்கிறார். அதே தலைமுறையைச் சேர்ந்த பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் ஆண்டுக்குப் 10,000 குதிரைகள் இறங்கியதாகவும் ஒன்றின் விலை 220 பொன் தினார் என்றும் கணக்குத் தருகிறார். அவர் குற்றம் சாட்டுவது வேறொன்றை. வந்த குதிரையை நாற்பது நாள் கயிற்றிலும் முளையிலும் கட்டிக் கொழுக்கவைத்து, பயிற்சி எதுவும் தராமல் திடீரென ஏறி விரட்டுகிறார்கள். சுறுசுறுப்பான குதிரை சில காலத்தில் மந்தமாகிவிடுகிறது என்கிறார்.

இவ்விருவரின் சாட்சியத்தையும் அப்படியே ஏற்பதற்கில்லை. எண்ணிக்கைகள் ஊதப்பட்டிருக்கலாம். ஊரை வெளியிலிருந்து பார்த்த கண்கள் அவை. குதிரை வணிகர்கள் லாடம் அடிப்பவர்களைத் தங்களோடு வரவிடவில்லை, குதிரைகள் சாகச் சாகத்தான் வியாபாரம் நடக்கும் என்று மார்க்கோ போலோவே ஒரு குறிப்பு வைத்திருக்கிறார். அப்படியானால் பராமரிப்புக் குறைவு அறியாமையால் மட்டும் வந்ததல்ல. ஆனாலும் இன்றைய விவாதத்தின் எலும்புக்கூடு முழுவதும் இங்கேயே இருக்கிறது. காலநிலையா, தீனியா, பயிற்சியா, குளம்பா?

ஐந்தாவது விடையை நம்முடைய நூல்கள் தருகின்றன. சாலிஹோத்திரர் பெயராலும் நகுலன் பெயராலும் வழங்கும் அசுவசாத்திர மரபு, குதிரையின் நிறம், பல், நடை ஆகியவற்றோடு உடலில் உள்ள மயிர்ச் சுழிகளையும் கணக்கிட்டு அதன் தரத்தை முன்கூட்டியே சொல்லும். குதிரை வாங்கும்போது சுழி பார்ப்பது தமிழ்நாட்டில் இன்றும் முற்றாக அழிந்துவிடவில்லை. குறை பிறப்பிலேயே உள்ளது என்பதே இந்நிலைப்பாட்டின் அடிப்படை. பல்லையும் நடையையும் பற்றிய அதன் கவனிப்புகள் பல நுட்பமானவை. சுழிக் கணக்கு மட்டும் எந்தத் தோல்விக்கும் பின்னாலிருந்து பொருந்திவிடும் இயல்புடையது, ஆகவே அதைச் சோதிக்க வழியில்லை. பிறப்பு என்ற விடை பின்னர் வேறு உடையில் திரும்பியது. 2010இல் அயர்லாந்து ஆய்வாளர்கள், தசை வளர்ச்சியைக் கட்டுப்படுத்தும் மயோஸ்டாட்டின் மரபணுவின் வகைக்கும் குதிரைக்கு ஏற்ற பந்தயத் தூரத்துக்கும் தொடர்பு காட்டினர். குறுந்தூரக் குதிரையை நெடுந்தூரத்தில் விட்டால் அது தோற்பது நோயால் அல்ல. இந்த எளிய உண்மை இன்றும் அடிக்கடி மறக்கப்படுகிறது.

மலைநாட்டில் குதிரை பரவலானது வெள்ளையரோடு. 1848இல் நுவரெலியாவில் ஓர் ஆங்கிலப் பண்ணைக் கிராமத்தை அமைக்க முயன்ற சாமுவேல் பேக்கர், தன் வண்டியும் குதிரைகளும் மலைப்பாதையில் பள்ளத்தில் விழுந்ததையும், உதவிக்கு அனுப்பிய யானையைக் குதிரைக்காரன் விரட்டி ஓட்டியே கொன்றதையும் எழுதிவைத்திருக்கிறார். 1885இல் நானுஓயாவுக்கு ரயில் வரும்வரை ஏற்றமெல்லாம் கால்நடையின் முதுகில்தான். ஹட்டன், திக்கோயா, மஸ்கெலியாத் தோட்டங்களில் துரைமார் மலைச்சரிவைச் சுற்றிப் பார்த்தது குதிரை மேலிருந்தே; அந்தக் குதிரையைத் தேய்த்து, தீனி வைத்து, கூடவே ஓடியவர் தமிழ்த் தொழிலாளி. தொழிலாளரின் குடியிருப்பு வரிசைக்கு வந்த ‘லயம்’ என்ற பெயர் ஆங்கிலச் சொல்லின் திரிபுதான். ஆனால் குதிரை நிற்கும் லாயத்துக்கும் அதற்கும் காதில் விழும் வேறுபாடு ஒரு காலளவே. கட்டிடத்திலும் பெரிய வேறுபாடு இருக்கவில்லை. இருந்தால் அது குதிரைக்குச் சாதகமாகவே இருந்திருக்கும்.

உயரம் என்ற வசதியான விடை

நுவரெலியா கடல் மட்டத்துக்கு 1,868 மீட்டர் மேலே இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் கொழும்பில் உள்ளதில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு. ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஒட்சிசனும் அதே அளவில் குறைகிறது. குதிரைக்கு இது சிறிய விஷயமல்ல. நிற்கும்போது நிமிடத்துக்கு 30 முதல் 40 வரை துடிக்கும் அதன் இதயம், முழு வேகத்தில் 220ஐத் தாண்டும். உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் அது பயன்படுத்தும் ஒட்சிசன், உலகத் தர மனித ஓட்டக்காரரைப் போல ஏறக்குறைய இரு மடங்கு. ஆனால் அதன் நுரையீரல் இந்த இதயத்துக்கு ஈடுகொடுப்பதில்லை. கடல் மட்டத்திலேயே நல்ல பந்தயக் குதிரை முழு வேகத்தில் ஓடும்போது தமனி இரத்தத்தில் ஒட்சிசன் இறங்கிவிடுகிறது. குதிரை வாயால் மூச்சுவிடாது. நான்குகால் பாய்ச்சலில் ஓர் அடிக்கு ஒரு மூச்சு என்ற கட்டுப்பாடும் அதற்கு உண்டு. ஆகவே மலைக்காற்று, ஏற்கெனவே இறுகியிருக்கும் இடத்தில்தான் மேலும் இறுக்குகிறது. உயரத்தைக் குற்றம் சொல்பவர்கள் ஆதாரமில்லாமல் பேசவில்லை.

ஆனால் இந்த விடையில் ஓர் அடிப்படைக் குறை இருக்கிறது. அதே திடலில், அதே நிமிடத்தில் ஓடும் எல்லாக் குதிரைக்கும் உயரம் ஒன்றே. எல்லோருக்கும் பொதுவான ஒன்று, எல்லோரும் மெதுவாக ஓடுவதை விளக்கும். ஒன்று மட்டும் பின்தங்கியதை விளக்காது. இதற்கு இரண்டு மறுப்புகள் வரக்கூடும். முதலாவது, கீழ்நாட்டிலிருந்து அண்மையில் ஏற்றிவந்த குதிரையும் மலையிலேயே நிற்கும் குதிரையும் சமமல்ல என்பது. இது நியாயமான மறுப்பு. கலிபோர்னியாவின் வெள்ளை மலையில் 3,800 மீட்டரில் நடந்த ஆய்வுகள், குதிரை உயரத்துக்குப் பழகத் தொடங்குவது நாட்கணக்கிலான வேலை என்று காட்டின. சென்னை கிண்டித் திடலில் ஓடிய குதிரைகள் கோடையில் 2,200 மீட்டருக்கு மேலுள்ள ஊட்டிக்கு ஏறியதும் இவ்வாறே. 2024இல் தமிழக அரசு ஊட்டித் திடலின் நிலத்தை மீட்கும்வரை அந்த ஏற்றம் ஆண்டு வழக்கமாக இருந்தது. ஆகவே பந்தயத்துக்கு முந்திய நாள் மலையேறிய குதிரைக்கு உயரம் ஒரு காரணமாகலாம். வாரக்கணக்கில் இங்கேயே நின்ற குதிரைக்கு அதே சாட்டைச் சொல்வது கடினம்.

இரண்டாவது மறுப்பு இன்னும் நுட்பமானது. உயரம் தனியே யாரையும் வீழ்த்தாவிட்டாலும், மூச்சுப்பாதையில் சிறு தடையுள்ள குதிரையை மற்றதைவிட அதிகம் பாதிக்கலாமல்லவா? பாதிக்கலாம். ஆனால் அப்படிச் சொல்லும்போதே தேட வேண்டிய இடம் மாறிவிடுகிறது. உயரம் அங்கே குறையைப் பெரிதாக்கிக் காட்டும் கண்ணாடி. குறை தொண்டையிலோ நுரையீரலிலோ இருக்கிறது. மலையைக் குற்றம் சொல்லி நிறுத்திக்கொண்டால் அந்தத் தொண்டையை யாரும் பார்க்கப்போவதில்லை.

குளிரைப் பற்றிய புகார் இதைவிடப் பலவீனமானது. ஓடும் குதிரை செலவிடும் சக்தியில் பெரும்பகுதி வெப்பமாகவே வெளியேறுகிறது. வெப்பமும் ஈரமும் மிகுந்த கீழ்நாட்டில் சில குதிரைகளுக்கு வியர்ப்பதே நின்றுவிடும்; காய்ந்த தோலோடு இரைக்கத் தொடங்கும் அந்த நோய், வெப்ப நாடுகளுக்குக் கொண்டுவரப்பட்ட குதிரைகளில் நெடுங்காலமாக அறியப்பட்டது. மார்க்கோ போலோவின் காலநிலைக் குற்றச்சாட்டில் இதற்கும் ஒரு பங்கு இருந்திருக்கலாம். சராசரி வெப்பம் 16 பாகை செல்சியஸ் அளவிலேயே நிற்கும் நுவரெலியா, அந்த வகையில் குதிரைக்கு அருளிய ஊர்.

தொண்டை, நுரையீரல், இதயம்

நவீன ஆய்வின் முதல் பெரிய திருப்பம் குதிரையை நிற்கவைத்துப் பார்ப்பதை விட்டு ஓடவைத்துப் பார்த்தது. சுவீடனில் சூனே பெர்சன் 1967இல் வெளியிட்ட ஆய்வு, ட்ரெட்மில்லில் ஓடும் குதிரையின் இரத்த அளவையும் வேலைத்திறனையும் சேர்த்து அளந்தது. அதன் ஒரு விளைவு பலருக்கு இன்னும் எட்டவில்லை. குதிரை தன் செங்குருதி அணுக்களில் கணிசமான பங்கை மண்ணீரலில் சேமித்து வைத்திருக்கிறது. ஓடத் தொடங்கியதும், ஏன், ஊசியைக் கண்டு மிரண்டாலே, அது இரத்தத்தில் கொட்டப்படுகிறது. நிற்கும்போது 40 சதவீத அளவில் உள்ள அணுக்களின் பங்கு ஓட்டத்தில் 60ஐத் தாண்டும். ஆகவே லாயத்தில் எடுத்த ஒரு துளி இரத்தத்தை வைத்து ‘இரத்தம் குறைவு’ என்று முடிவுகட்டி, இரும்புச் சத்து டொனிக் ஏற்றுவதற்கு அடித்தளம் மெல்லியது. குதிரைக்கு இரும்புக் குறைபாடு அரிது. ஆனாலும் டொனிக் விற்பனை குறைவதில்லை. ஏதோ செய்தோம் என்ற நிம்மதிக்கும் ஒரு விலை உண்டுபோலும்.

மேல் மூச்சுப்பாதையைப் பற்றிய அறிவே ட்ரெட்மில்லால் மிக அதிகம் மாறியது. ஓடும்போது இரைந்து ஒலியெழுப்பும் குதிரையின் இடது குரல்வளை செயலிழந்திருப்பது பழைய செய்தி. இடப்பக்க நரம்பு இதயத்தருகே பெருந்தமனியைச் சுற்றித் திரும்பும் நீண்ட வழி அதற்குக் காரணமாகச் சொல்லப்படுகிறது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரிட்டனில் ஃபிரெடெரிக் ஹாப்டே பரவச்செய்த அறுவைச் சிகிச்சை ஆயிரக்கணக்கான குதிரைகளுக்குச் செய்யப்பட்டது. ஆனால் மென்னண்ணம் திடீரென மேலெழுந்து காற்றை அடைக்கும் கோளாறு வேறுவகை. அது ஓட்டத்தின் உச்சத்தில் மட்டும் நிகழ்ந்து, குதிரை ஒருமுறை விழுங்கியதும் மறைந்துவிடும். நிற்கும் குதிரையின் மூக்கில் எண்டோஸ்கோப்பை விட்டுப் பார்த்தால் எல்லாம் சரியாகவே இருக்கும். அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகக் குதிரை மருத்துவ நிலையம் 1992க்கும் 1996க்கும் இடையில் பார்த்த 348 குதிரைகளைப் பற்றிய அறிக்கையில், ஏறக்குறைய நான்கில் மூன்றுக்குத் திட்டமான காரணம் கிடைத்தது. அவற்றில் முதலிடம் ஓட்டத்தின்போது ஏற்படும் மூச்சுப்பாதை அடைப்புக்கே. 2000களின் இறுதியில் கடிவாளத்தோடு பொருத்தி, திடலிலேயே ஓடவிட்டுப் பார்க்கும் கருவி வந்தபின் ட்ரெட்மில்லின் தேவையும் குறைந்தது.

அந்த 348இலிருந்து ‘பின்தங்குவதற்கு முதற்காரணம் தொண்டை’ என்று பொதுமைப்படுத்துவது தவறாகும். ட்ரெட்மில் உள்ள இடத்துக்கு அனுப்பப்படும் குதிரை, பெரும்பாலும் வெளிப்படையாக நொண்டாத குதிரை. நொண்டியவை வழியிலேயே வடிகட்டப்பட்டுவிட்டன. இங்கிலாந்தின் நியூமார்க்கெட் லாயங்களில் 1980களின் தொடக்கத்தில் எடுத்த கணக்கு வேறு கதை சொல்கிறது. அங்கே பயிற்சி தவறிய நாட்களில் மூன்றில் இரண்டு பங்கு காலால் போனது, மூச்சுக் கோளாறால் போனது ஐந்தில் ஒரு பங்கு. இரண்டும் உண்மை. பெரிய மருத்துவமனை வாசலில் நின்று எண்ணினால் தொண்டை, லாய வாசலில் நின்று எண்ணினால் கால்.

நுரையீரல் இரத்தக்கசிவு இந்த வழுக்கலுக்கு இன்னொரு பாடம். எக்லிப்ஸ் என்ற புகழ்பெற்ற குதிரையின் முன்னோரில் ஒன்றுக்கே ‘இரத்தம் வடியும்’ என்ற அடைமொழி 18ஆம் நூற்றாண்டில் இருந்தது. உச்ச ஓட்டத்தில் நுரையீரல் நுண்குழாய்களில் அழுத்தம் மிகையாகி அவை கிழிகின்றன என்ற விளக்கம் 1990களில் நிலைபெற்றது. எண்டோஸ்கோப் பரவியதும், கடுமையாக ஓடும் குதிரைகளைத் திரும்பத் திரும்பச் சோதித்தால் அநேகமாக எல்லாவற்றிலும் ஏதோ ஓர் அளவு கசிவு காணப்படும் என்பது தெரிந்தது. எல்லாவற்றிலும் இருப்பது ஒன்று தோற்றதற்குக் காரணமாகாது. ஆனால் 2005இல் வெளியான மெல்பேர்ண் ஆய்வு, 744 குதிரைகளைப் பந்தயம் முடிந்ததும் சோதித்து, கசிவு இல்லாத அல்லது மிகக் குறைந்த குதிரைகள் வெல்லும் வாய்ப்பு மற்றவற்றைவிட நான்கு மடங்கு என்று கண்டது. அப்படியென்றால் கேட்க வேண்டியது கசிவு உண்டா என்பதல்ல, எவ்வளவு என்பது. கசிவைக் குறைக்கும் ஃபியூரோசெமைட் ஊசி சிறுநீராக நீரை வெளியேற்றி எடையையும் குறைப்பதால், அதன்பின் கிடைக்கும் வேகம் எதிலிருந்து வந்தது என்பதில் இன்னும் இணக்கமில்லை. பந்தய நாளில் அதைத் தடுக்கும் நாடுகளே அதிகம்.

இதயத்தைப் பற்றி நீண்ட பேச்சு உண்டு, நிலைத்தது குறைவு. எக்லிப்ஸ் 1789இல் இறந்தபோது அதன் உடலை அறுத்துப் பார்த்தவர்கள் பெரிய இதயத்தைக் கண்டு வியந்தனர். 1791இல் இலண்டனில் கால்நடை மருத்துவக் கல்லூரி பிறந்ததோடு அந்த அறுவையை இணைத்துச் சொல்வதுண்டு. 20ஆம் நூற்றாண்டின் நடுவில் அவுஸ்திரேலியாவின் ஜேம்ஸ் ஸ்டீல் ஈ.சி.ஜி. அலையின் அகலத்திலிருந்து ‘இதய மதிப்பெண்’ கணக்கிட்டார். குதிரை வாங்குவோர் அதை நம்பிப் பணம் கொடுத்தனர். பின்னாளைய ஒலியலைப் படங்கள், இதய அளவுக்கும் திறனுக்கும் ஓரளவு தொடர்பு உண்டு, ஆனால் தனிக் குதிரையின் வெற்றியை அதிலிருந்து சொல்ல முடியாது என்ற இடத்துக்கு வந்து நின்றன. இதய மேலறை நடுக்கம் மட்டும் விதிவிலக்கு. நன்றாக ஓடிய குதிரை நடுவழியில் திடீரெனச் சரிந்து கடைசியில் வந்தால், உடனே காதுவைத்துக் கேட்க வேண்டியது அதைத்தான். சில குதிரைகளில் அது ஒரு நாளுக்குள் தானாகவே மறைந்துவிடும்.

கால்

குறைந்த செலவில் அதிகம் சொல்லக்கூடிய இடம் கால். ஆனால் இங்கேதான் கண் அதிகம் ஏமாறுகிறது. இரண்டு முன்னங்கால்களும் சமமாக வலித்தால் குதிரை நொண்டாது. அடியைச் சுருக்கும், அவ்வளவே. ஏறினால் காதை மடக்கும், வாலை வீசும், வாயைத் திறக்கும். இதைக் குணக்கேடு என்று சொல்லிச் சாட்டையை எடுப்பவர்களுக்கு, குதிரை வைத்தியர் சூ டைசன் குழுவினர் 2018இல் வெளியிட்ட பட்டியல் ஒரு மறுமொழி. ஏறியோட்டும் குதிரையில் காணும் 24 நடத்தைகளில் எட்டோ அதற்கு மேலோ இருந்தால் வலியைச் சந்தேகிக்க வேண்டும் என்றது அது. பந்தயக் குதிரையை மனதில் வைத்து எழுதப்பட்டதல்ல என்பதால் அதை இங்கே அப்படியே பொருத்த முடியாது. கிரகரி வாவிக் கரையில் சுற்றுலாப் பயணிகளை ஏற்றி நாள் முழுவதும் நடக்கும் மட்டக்குதிரைகளுக்கு அது இன்னும் நேரடியாகப் பொருந்தும். அவற்றின் ‘பிடிவாதம்’ பற்றி யாரும் விசாரணை வைப்பதில்லை.

காலே முதற்காரணம் என்போருக்கும் ஒரு மறுப்பு உண்டு, அது வலுவானது. உடலில் பொருத்தும் உணரிகள் வந்தபின், கண்ணுக்குத் தெரியாத நடைக் கோணலையும் மில்லிமீட்டர் கணக்கில் அளக்க முடிகிறது. சுவீடனில் உரிமையாளர்கள் நலமானவை என்று நம்பிய 222 குதிரைகளை 2017இல் வெளியான ஆய்வு அளந்தபோது, பத்தில் ஏழுக்கு மேற்பட்டவற்றில் வரம்பைத் தாண்டிய கோணல் இருந்தது. அத்தனையும் மறைந்திருந்த நொண்டலா? இரண்டு ஆண்டு கழித்து அத்தகைய குதிரைகளுக்கு வலிநிவாரணி கொடுத்துப் பார்த்தார்கள்; கோணல் குறையவில்லை. வலியால் வந்த கோணல் என்றால் பெரும்பாலும் குறைந்திருக்க வேண்டும். அந்த மருந்துக்கு அடங்காத வலிகள் உண்டு என்பதால் வழக்கு முற்றாக முடியவில்லை. எனினும் மனிதருக்கு இடக்கை வலக்கை போலக் குதிரைக்கும் இயல்பான சாய்வு இருக்கலாம் என்ற வாதம் பலம்பெற்றது. கருவி நுட்பமாக நுட்பமாகக் குறைகள் பெருகுகின்றன. காரணங்கள் அதே வேகத்தில் பெருகுவதில்லை. இந்த இடத்தில் பழைய முறையே இன்னும் நம்பகமானது. சந்தேகப்படும் இடத்தின் நரம்பை மரக்கவைத்து, குதிரையை மறுபடி ஓடவிட்டு, நடை மாறுகிறதா என்று பார்ப்பது. குறையைக் காண்பதோடு நில்லாமல், அதை அகற்றினால் என்ன ஆகிறது என்று கேட்கும் சோதனை அது.

புல்லும் தவிடும் தூசியும்

மலைநாட்டுக்கே உரிய விடை ஒன்று இருக்குமானால் அது தீனித் தொட்டியில் இருக்கிறது என்பது என் கணிப்பு. நுவரெலியா, அம்பேவலப் பகுதிகளின் மேய்ச்சலில் கிக்குயூ புல்லுக்குப் பெரும் பங்கு உண்டு. பசுவுக்கு அது நல்ல புல். குதிரைக்கு அதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. கிக்குயூ, கினி, நேப்பியர் போன்ற வெப்பமண்டலப் புற்களில் உள்ள ஒக்சலேட், கல்சியத்தைக் கட்டிப்போட்டுக் குடலில் உறிஞ்சவிடாமல் செய்கிறது. பசுவின் முதல் வயிற்றில் உள்ள நுண்ணுயிர்கள் ஒக்சலேட்டைச் சிதைத்துவிடும். குதிரைக்கு அந்த வயிறு இல்லை. இதோடு அரிசித் தவிட்டையும் தாராளமாகப் போட்டால் நிலைமை மோசமாகும், ஏனெனில் தவிட்டில் பொஸ்பரஸ் மிகுதி, கல்சியம் சொற்பம். உடல் இரத்தத்தின் கல்சிய அளவைக் காக்க எலும்பைக் கரைத்தெடுக்கும். முதலில் வருவது இன்ன கால் என்று சொல்ல முடியாத, இடம் மாறும் நொண்டல். அடி சுருங்கும், ஓட மனம் வராது. முகம் வீங்கித் ‘தலை பெருத்த’ நோயாகத் தெரிவதற்குள் மாதங்கள் கடந்திருக்கும். இரத்தத்தில் கல்சியம் சரியாகவே காட்டும் என்பது கூடுதல் பொறி.

மார்க்கோ போலோ சோற்றுத் தீனியையும் கால் கோணிய குட்டிகளையும் ஒரே மூச்சில் சொன்னதை இங்கே நினைவுகூரலாம். எழுநூறு ஆண்டுக்கு முந்திய குதிரைக்கு நோய் நிர்ணயம் செய்வது துணிச்சல். பாண்டிய நாட்டுத் தீனியின் கூறுகள் நமக்கு முழுதாகத் தெரியாது. ஆனால் அரிசி சார்ந்த தீனியும் எலும்புக் கோளாறும் சேர்ந்து வருவது இன்றைய வைத்தியருக்கு அதிர்ச்சி தராது. காலநிலை என்று எழுதப்பட்டதில் ஒரு பகுதி தீனியாக இருந்திருக்கக்கூடும்.

இரண்டாவது தூசி. மூடுபனியும் தூறலும் ஓயாத ஊரில் உலர்புல்லை உலர்வாக வைப்பது பெரும்பாடு. ஈரம் பட்ட கட்டில் பூஞ்சணம் பிடிக்கும். குளிருக்கு அஞ்சிச் சாளரத்தைச் சாத்தினால் அந்த வித்துகள் முழுவதும் குதிரையின் மூக்குக்குள்தான். அதனால் வரும் கீழ் மூச்சுப்பாதை அழற்சியை 2016இல் வெளியான வல்லுநர் இணக்க அறிக்கை குதிரை ஆஸ்துமாவின் மென்மையான வடிவம் என்று பெயரிட்டது. இருமல்கூட எப்போதும் வராது, கடைசி இருநூறு மீட்டரில் வேகம் மட்டும் வராது. 1980 வாக்கில் இதே அறிகுறிகளுக்கு வைரஸைக் குற்றம் சொல்வது இங்கிலாந்தில் வழக்கமாக இருந்தது. வைரஸ் ஒழிந்துவிடவில்லை, ஆனால் தூசிக்குக் கிடைத்த சாட்சியம் அதற்குக் கிடைக்கவில்லை. புல்லை நனைத்துக் கொடுப்பதும் சாளரத்தைத் திறப்பதும் செலவில்லாத சிகிச்சை.

இரைப்பைப் புண்ணைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பயிற்சியிலுள்ள பந்தயக் குதிரைகளில் 80 சதவீதத்துக்கு மேல் அது காணப்படுவதாகப் பல நாட்டு ஆய்வுகள் சொல்கின்றன. வென்ற குதிரைக்கும் தோற்ற குதிரைக்கும் அது இருப்பதால், கசிவைப் போலவே இதுவும் இருப்பதாலேயே காரணமாகிவிடாது.

கருவி இல்லாத ஊரில்

இத்தனை ஆய்வும் ட்ரெட்மில், உணரி, ஒலியலைப் படம் உள்ள நாடுகளின் கதை, மலைநாட்டு லாயத்துக்கு இதில் என்ன பயன் என்று கேட்கலாம். இலங்கையில் கால்நடை மருத்துவம் கற்பிக்கும் ஒரே பீடம் பேராதனையில் இருக்கிறது. அங்கும் குதிரை சிறுபான்மை நோயாளி. கேள்வி நியாயமானது. ஆனால் மேலே பார்த்த சான்றுகள் கருவியின் பெருமையை மட்டும் பேசவில்லை. கருவி கூடக் கூடக் குறைகளின் பட்டியல் நீண்டது. எந்தக் குறை காரணம் என்ற முடிவுக்கு உதவியது ஒப்பீடு. அந்தக் குதிரையே நன்றாக ஓடிய நாட்களில் அதன் நெஞ்சுத் துடிப்பு என்ன, ஓடி முடித்துப் பத்து நிமிடத்தில் எவ்வளவுக்கு இறங்கியது, எந்தப் பக்கம் திரும்ப மறுத்தது, எத்தனை கிலோ தீனியை மீதம் வைத்தது? இவை தெரிந்திருந்தால் இன்றைய அளவு பேசும். தெரியாவிட்டால் விலையுயர்ந்த படமும் ஊமைதான்.

இன்னும் தீராதவை பல. சிறு அளவுக் கசிவும் சிறு நடைக் கோணலும் எந்த இடத்தில் இயல்பைக் கடந்து நோயாகின்றன என்பதற்கு ஏற்கப்பட்ட எல்லை இல்லை. பல சிறு குறைகள் ஒரே குதிரையில் சேரும்போது எதை முதலில் திருத்துவது என்பதில் வைத்தியர்களுக்குள் கருத்து வேறுபாடு இருக்கிறது. தோல்வி என்ற சொல்லே தெளிவற்றது. திறமையான குதிரைக்குக் கூடுதல் பாரம் ஏற்றிச் சமப்படுத்தும் பந்தயத்தில், பின்தங்குவது சில வேளை ஏற்பாட்டின் வெற்றியே. இருக்கும் சான்றுகளை வைத்துச் சொல்வதானால், விசாரணையின் வரிசை இப்படி இருப்பதே பொருத்தம்: முதலில் கால், குளம்பு, சேணம், அடுத்து தீனித் தொட்டியும் லாயத்துக் காற்றும், பிறகு நெஞ்சும் தொண்டையும், முடிந்தால் ஓடவிட்டே, இவை அனைத்தும் சுத்தமாக இருந்தால் மட்டும் மலை.

நுவரெலியாவில் குதிரை வைத்திருப்போரிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த ஏப்ரலுக்கு முன் ஒவ்வொரு குதிரைக்கும் ஒரு கொப்பி வாங்கி லாயத்துக் கதவில் தொங்கவிடுங்கள். அதில் நாள்தோறும் எழுதும் வேலையை, குதிரையோடு விடிவதற்கு முன்பே எழுந்து நிற்கும் குதிரைக்காரரிடம் கொடுங்கள், அதற்குரிய கூலியோடு.